தெருமுனைப் பள்ளியும் வீட்டு வருமானமும்

தெருமுனையில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளி எப்படி என்று அதே தெருவில் மூன்று வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா, "டீச்சர் நல்லாப் பாத்துக்கறாங்க, காலைச் சாப்பாடும் அங்கேயே ஆயிடுது" என்பார். ஆட்டோ ஓட்டுகிறவர், "அங்க இங்கிலீஷ் வராது சார், நாங்க வேன்ல அனுப்பறோம்" என்பார். வங்கியில் வேலை பார்க்கிறவர், "நானே அந்த ஸ்கூல்லதான் படிச்சேன். அப்ப நல்லா இருந்துச்சு" என்பார். அந்த வாசலை அவர் கடைசியாக மிதித்து முப்பது வருடம் ஆகியிருக்கும்.

மூவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்குள் நடப்பதைப் பார்த்து அந்தக் கருத்துக்கு வந்தவர்கள் குறைவு. வீட்டு வருமானம் ஒவ்வொருவரையும் ஒவ்வோர் இடத்தில் நிறுத்தி அந்தப் பள்ளியைப் பார்க்க வைக்கிறது. தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கும் நகராட்சி, மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கும் இன்று இருக்கும் பெயர் இப்படித்தான் உருவானது. அந்தப் பெயரே பிறகு பள்ளியை மாற்றிவிடவும் செய்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025-இல் வெளியிட்ட கல்விக் கணக்கெடுப்பின்படி, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாய் செலவு செய்கிறது. மற்ற பள்ளிகளில் அது 25,002 ரூபாய். பள்ளிப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் கிராமங்களில் 66 சதவீதம், நகரங்களில் 30.1 சதவீதம். இது இந்தியா முழுமைக்குமான கணக்கு. கையில் காசு புழங்கும் இடத்தில் அரசுப் பள்ளியிலிருந்து வெளியேறுவது சாதாரணமாகிவிட்டது என்பது இதில் தெரிகிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சில மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். அப்படியும் வெளியேறுகிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது பாடம் மட்டும் அல்ல.

எதை வாங்குகிறார்கள் என்பது வருமானத்துக்கு வருமானம் மாறுகிறது. தினக்கூலிக் குடும்பம் பள்ளியிடம் கேட்பது ரொம்ப நேரடியானது. காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், பிள்ளை எங்கே இருக்கும், என்ன சாப்பிடும், பத்திரமாக இருக்குமா? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இந்த வீடுகளின் காலைப் பரபரப்பை அது எவ்வளவு குறைத்தது என்பது அவர்களிடம் பேசினால்தான் தெரியும். சீருடை, புத்தகம், பை, காலணி எல்லாம் கிடைத்துவிடுகின்றன. அதோடு, பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் டீச்சர் போன் போட்டுக் கேட்கிறாரா என்பதை இந்த அம்மாக்கள் கவனமாகப் பார்க்கிறார்கள். பள்ளியை நேரில் பார்த்து மதிப்பிடுகிறவர்கள் என்றால் அது இவர்கள்தான். ஆனால் ஊரில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு குறைவு. "அவங்களுக்கு வேற வழி இல்லை, அதான் அங்க போடறாங்க" என்று மற்றவர்கள் முடித்துவிடுவார்கள்.

ஒரு படி மேலே, மாதம் பதினைந்தாயிரம் இருபதாயிரம் வருமானம் உள்ள வீடுகள். அரசுப் பள்ளியைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசுவது இந்த வீடுகளில்தான். காரணம், அதற்கு மிக அருகில் இருப்பவர்கள் இவர்கள். ஒரு மாதம் வேலை இல்லை என்றால் பிள்ளை அங்கேதான் போக வேண்டும். மே, ஜூன் மாதங்களில் நகைக்கடன் வாங்கிப் பள்ளிக் கட்டணம் கட்டுவது இவர்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கிறது. எங்கள் பகுதியில் துணி தேய்த்துக் கொடுக்கும் ஒரு அக்காவிடம் ஒருமுறை கேட்டேன்: "பக்கத்துலயே ஸ்கூல் இருக்கே, ஏன்க்கா இவ்வளவு கஷ்டப்படறீங்க?" அவர் பெட்டியை நிறுத்தாமலே சொன்னார்: "தெருவுல எல்லாப் புள்ளையும் வேன் ஏறிப் போகுது தம்பி. எம் புள்ள மட்டும் தட்டை எடுத்துக்கிட்டு நடந்து போனா, நாளைக்கு அவனே என்னைக் கேப்பான்ல?" அந்தப் பள்ளியில் பாடம் சரியில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேன், டை, ஷூ, அடையாள அட்டை எல்லாம் சேர்ந்து 'இந்த வீடு இனி கஷ்டப்பட்ட வீடு இல்லை' என்று தெருவுக்குச் சொல்கின்றன. அவர் கட்டும் கட்டணத்தில் பாதி அந்தச் சொல்லுக்காக. அதை வீண் பெருமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையைக் கட்டி நின்ற வீட்டுக்குத் தெருவில் கிடைக்கும் மரியாதை பெரிய விஷயம்தான்.

அதற்கும் மேலே, நிலையான சம்பளக்காரர்கள். இவர்கள் அரசுத் தொடக்கப் பள்ளியை வெறுப்பதில்லை. அது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இவர்களுடைய கேள்வி மெட்ரிக்கா, சிபிஎஸ்இயா என்பதுதான். சமச்சீர்க் கல்வி வந்து மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாடநூல் என்றானபோது, மெட்ரிக் என்ற சொல்லுக்கு இருந்த மவுசு குறைந்தது. அதுவரை மெட்ரிக்கைத் தேடியவர்கள் பலர் சிபிஎஸ்இ பக்கம் நகர்ந்தார்கள். பாடம் ஒன்றானதும் வித்தியாசம் வேறிடத்தில் தேவைப்பட்டது.

இன்னொன்று, முடிவெடுக்கும் வயது. இது அதிகம் பேசப்படாத விஷயம். தனியார் பள்ளி மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயது முடிந்த பிறகு ஒன்றாம் வகுப்பில்தான் பிள்ளையைப் பார்க்கிறது. நடுவில் இருப்பது அங்கன்வாடி. அதைப் 'பால்வாடி' என்று, சத்துமாவும் தூக்கமும் கிடைக்கிற இடமாகத்தான் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆக, குடும்பம் முடிவெடுக்கும் நாளில் தெருமுனைப் பள்ளி போட்டியிலேயே இல்லை. இரண்டு வருடம் ஒரு தனியார் நர்சரியில் பழகிய பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்காக அரசுப் பள்ளிக்கு மாற்றினால், தெருவில் அது இறக்கமாகவே பேசப்படும். இதைப் புரிந்துகொண்டுதான் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளிகளோடு இணைந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அப்புறம் ஆசிரியர் பற்றாக்குறையால் 2022-இல் அதை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். அந்தச் சில நாள் குழப்பம் பெற்றோருக்குச் சொன்ன சேதி நல்ல சேதி இல்லை. கட்டணம் கட்டுகிற இடத்தில் எல்.கே.ஜி. அடுத்த வருடமும் இருக்கும் என்ற நிச்சயத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

வகுப்பறைக்குள் போவோம். ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான அறை. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் எழுத்து அட்டைகள், படங்கள், எண்ணுவதற்குப் புளியங்கொட்டை. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் வகுப்புப்படி இல்லாமல் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து வேலை செய்கிறார்கள். டீச்சர் மேசையில் இல்லை, பாயில் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கிறார். கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லோரும் காப்பி எடுக்கும் காட்சி அங்கே இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அப்பா என்ன நினைப்பார்? "புள்ளைங்க விளையாடிக்கிட்டு இருக்கு, டீச்சர் கீழே உக்காந்துருக்காங்க." பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் 'செயல்வழிக் கற்றல்' முறை 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனபோதும் இதே புகார்தான் வந்தது: அட்டையை வைத்து விளையாட விடுகிறார்கள், வீட்டுப்பாடமே இல்லை.

அதே பாய், அதே அட்டை, கீழே உட்காரும் அதே ஆசிரியர் சென்னையிலோ கோவையிலோ ஒரு மாண்டிசோரி பள்ளியில் இருந்தால், அதற்காகவே பெற்றோர் பெருந்தொகை கட்டுகிறார்கள். அங்கே வீட்டுப்பாடம் இல்லை என்பதே பெருமை. செயல்வழிக் கற்றலுக்கு மாண்டிசோரி முறையும் ஓர் ஊற்று என்பதால் இந்த ஒற்றுமை தற்செயலும் அல்ல. ஆனால் அங்கே சேர்க்கும் பெற்றோருக்கு வீட்டில் புத்தகம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, பிள்ளை எழுத்துக் கூட்ட ஆறு மாதம் தாமதமானால் பயம் இல்லை. ஆட்டோக்காரருக்குப் பயம் இருக்கிறது. தன்னால் சொல்லிக்கொடுக்க முடியாத பாடத்தைப் பள்ளி சொல்லிக்கொடுக்கிறதா என்பதற்கு அவருக்குக் கையில் பிடிக்கக்கூடிய சாட்சி வேண்டும். நர்சரிப் பள்ளிகள் அதைக் கச்சிதமாகத் தருகின்றன. பக்கம் பக்கமாக நிரம்பிய நோட்டு, சிவப்பு மையில் டிக், வாரத் தேர்வு மார்க், ஆண்டு விழாவில் ரைம்ஸ். அரசுப் பள்ளியில் பிள்ளை உண்மையாகவே வாசிக்கக் கற்றிருந்தாலும் அதைக் காட்டும் காகிதம் வீட்டுக்கு வருவதில்லை.

இதோடு எல்லா வருமானத்தாரும் ஒரே குரலில் சொல்லும் ஒன்று இருக்கிறது: "அந்த டீச்சர் புள்ளையே அங்க படிக்கலையே." இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஆசிரியரும் ஒரு சம்பளக்காரர், தன் தெருவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பவர் தன் பிள்ளையை வெளியே சேர்ப்பதை ஊர் ஒரு தீர்ப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். 2011-இல் ஈரோடு ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். 2019-இல் திருநெல்வேலி ஆட்சியராக இருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் மகளை அங்கன்வாடிக்கு அனுப்பினார். இரண்டும் பெரிய செய்தி ஆயின. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை.

சரி, இந்தப் பார்வைகளுக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம்? நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, கட்டணத்தை ஏற்றுக்கொண்டு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். குலுக்கல் என்பதால் இரு பக்கமும் ஒரே மாதிரிக் குடும்பங்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் ஆங்கிலத்திலும் இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள்; அரசுப் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுப்பதே குறைவு. ஆக, தனியார் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதாக நாம் காண்பதில் பெரும்பகுதி அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதே ஆய்வில் அரசுப் பள்ளிக்குச் சங்கடமான ஒரு கணக்கும் உண்டு. அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அந்தத் தனியார் பள்ளிகள் செலவழித்தன. அரசுப் பள்ளிக்காகப் பேசுகிற நாம் இதை மறைக்கக் கூடாது.

கொரோனா காலம் இன்னொரு விதமாகக் காட்டியது. கிராமப்புற இந்தியாவில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் இருந்தவர்கள் 2018-இல் 65.6 சதவீதம், 2022-இல் 72.9 சதவீதம், 2024-இல் மறுபடி 66.8 சதவீதம் என்கிறது, கிராமப் பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் ஏசர் ஆய்வறிக்கை. தமிழ்நாட்டிலும் 2020-21, 2021-22 ஆண்டுகளில் தனியார் பள்ளியிலிருந்து பிள்ளைகள் பெரிய அளவில் வந்து சேர்ந்தார்கள். அந்த வருடங்களில் அரசுப் பள்ளிகள் திடீரென்று உயர்ந்துவிடவில்லை, பிறகு திடீரென்று தாழ்ந்துவிடவும் இல்லை. முக்கியமாக மாறியது வீட்டு வருமானம். வந்த பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்த இரண்டு வருடம் நல்ல வாய்ப்பாக இருந்தது. அப்போது கூடுதல் ஆசிரியர்கள் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

பிரச்சினையின் மையம் ஆசிரியர் எண்ணிக்கைதான். கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர், அதற்கு மேல் 200 வரை 5 பேர். வருடா வருடம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலைகளை எண்ணிப் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆகிறார், பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். வசதி உள்ள நாலு வீடுகள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனால் 64 பிள்ளைகள் 60 ஆகிறார்கள், மூன்று ஆசிரியர்கள் இருவர் ஆகிறார்கள். இருவர் ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டும். இதில் ஒருவர்தான் தலைமை ஆசிரியர். செயலியில் வருகைப்பதிவு, சத்துணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியர். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உள்ள பள்ளி என்றால் இரண்டையும் அதே இருவர்தான் நடத்துகிறார்கள். இப்போது "அங்க சரியாச் சொல்லித்தர்றதில்லை" என்று யாராவது சொன்னால் மறுக்க முடியுமா? தொடக்கத்தில் வெறும் பேச்சாக இருந்ததற்குச் சில வருடங்களில் ஆதாரம் கிடைத்துவிடுகிறது. வருமானத்தால் வந்த பார்வை, பணியிட விதி வழியாகப் பள்ளியின் நிலைமையாகவே மாறிவிடுகிறது.

வருமானம் என்று மட்டும் பேசிவிட்டுப் போனால் பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் 'அங்க யார் யார் படிக்கறாங்க' என்ற கேள்விக்குள் சாதி இருக்கிறது. பள்ளி காலனிப் பக்கம் இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் வருவதில்லை என்பது பல கிராமங்களில் வெளிப்படையாகத் தெரிவது. வேன் கட்டணம் அங்கே தீண்டாமைக்கும் சேர்த்துக் கட்டப்படுகிறது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் 'ஆதி திராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற அடையாளங்களை நீக்கச் சொல்லி, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது இதனால்தான் முக்கியம். பெருநகரங்களிலும் திருப்பூர் போன்ற தொழில் ஊர்களிலும் இப்போது இன்னொரு அடுக்கு சேர்ந்திருக்கிறது. பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள், அழகாகவே படிக்கிறார்கள். அதைப் பார்த்து விலகும் உள்ளூர்ப் பெற்றோரும் உண்டு.

அரசின் சில திட்டங்களும் தெரிந்தோ தெரியாமலோ இந்தப் பார்வைக்கு முத்திரை குத்துகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில், ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வீட்டுப் பிள்ளை ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தனியார் பள்ளியில் சேரலாம், கட்டணத்தை அரசு கொடுக்கும். ஏழைப் பிள்ளைக்கு அது உரிமை, அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கும்போதே அரசு பணம் கட்டி வேறு இடத்துக்கு அனுப்புகிறது என்பதைப் பெற்றோர் எப்படிப் படிப்பார்கள்? பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் இந்த ஒதுக்கீடு இல்லை என்று கர்நாடகம் விதியை மாற்றியது. மகாராஷ்டிரம் 2024-இல் அதே மாதிரி மாற்றியபோது மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எளிதில் தீரும் வழக்கு இல்லை இது.

இன்னொரு பக்கம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. இரண்டும் வந்தபோது நிபந்தனை ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. ஐந்தாம் வகுப்பு வரை தனியார் நர்சரி, ஆறாம் வகுப்பில் அரசு மேல்நிலைப் பள்ளி என்று திட்டம் போடும் பெற்றோரை நான் பார்க்கிறேன். 'கவர்மெண்ட் ஸ்கூல்' என்ற அதே பெயர் ஆறாம் வகுப்பில் அவர்களுக்கு உறுத்துவதில்லை. அங்கே போனால் ஏதோ கிடைக்கும் என்று தெரிகிறது. தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அரசுத் தொடக்கப் பள்ளியை விட்டுப் போனவர்கள் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, ஆசிரியர் பணியிடம் காலி என்று ஒன்றிய அலுவலகத்தில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டியவர்கள் அவர்கள். மனு எழுதத் தெரிந்தவர், அதிகாரியைத் தெரிந்தவர், ஒரு நாள் விடுப்பு எடுத்தால் சம்பளம் வெட்டுப்படாதவர் எல்லாம் வேன் ஸ்டாப்பில் நிற்கிறார். குழுவில் மிச்சம் இருக்கும் அம்மாவுக்கு ஒரு கூட்டம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. கூட்டத்தை மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்தாலே வருகை கூடும் என்று பல தலைமை ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதைச் செய்யப் பெரிய அரசாணை எதுவும் தேவையில்லை.

ஜூன் முதல் வாரத்தில் இந்த ஆசிரியர்கள் பதாகை பிடித்துக்கொண்டு வீடு வீடாகச் சேர்க்கைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். தனியார் பள்ளிகளில் அதற்குச் சில மாதம் முன்பே இடம் நிரம்பியிருக்கும், கட்டணமும் கட்டியாகியிருக்கும். வாசலில் நிற்கும் டீச்சருக்குத் தண்ணீர் கொடுத்து, "அடுத்த வருஷம் பாக்கலாம் டீச்சர்" என்று அனுப்பிவைக்கிறோம். அவருக்குத் தேவை தெருவின் எல்லாப் பிள்ளைகளும் இல்லை. 58 பேர் உள்ள பள்ளிக்கு இன்னும் 3 பேர் வந்தால், ஆகஸ்ட் 1 கணக்கில் மூன்றாவது ஆசிரியர் பணியிடத்தைக் கேட்க அவருக்கு உரிமை வந்துவிடும்.